தொட்டுப் படி, வரைந்து படி: வீட்டிலிருந்தே அனாடமி படிக்கும் தங்கைக்கு

தொலைநிலைக் கல்வியில் யோகா டிப்ளமோ சேர்ந்திருக்கிறாய். ஆசனமும் பிராணாயாமமும் உனக்குப் புதிதல்ல. பார்சலில் வந்த புத்தகக் கட்டில் ‘மனித உடற்கூறியலும் உடலியங்கியலும்’ என்று ஒரு தாள் இருக்கிறதே, அதைப் பார்த்துத்தான் உனக்கு வயிற்றைக் கலக்குகிறது. பத்தாம் வகுப்போடு அறிவியலை விட்டவள் நீ. தினசரி வகுப்பு கிடையாது, ஆய்வுக்கூடம் கிடையாது, பக்கத்தில் உட்கார்ந்து சந்தேகம் கேட்க ஆளும் கிடையாது. செவிலியர் பள்ளியில் முதலாண்டுப் பெண்களுக்கு இந்தப் பாடத்தை எடுக்கிறவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். இந்தத் தாளுக்கு வேண்டிய முக்கியமான சாதனம் ஏற்கெனவே உன்னிடம் இருக்கிறது. உன் உடம்புதான் அது. அதன்மேல் கை வைக்காமல் பெயர்களை மட்டும் உருப்போடுகிறவர்கள்தான் இதில் திணறுகிறார்கள். கல்லூரியில் தினமும் வகுப்புக்கு வருகிறவர்களிலும் அப்படித் திணறுகிறவர்கள் நிறைய.

பாடத்துக்குப் போகும் முன், உன் தோழிகளுக்கும் சேர்த்து ஓர் எச்சரிக்கை. ‘வீட்டிலிருந்தே நர்சிங்’, ‘தபாலில் பிசியோதெரபி’ என்று யாராவது விளம்பரம் செய்தால் பணம் கட்ட வேண்டாம். மருத்துவம், நர்சிங், பார்மசி, பிசியோதெரபி போன்ற பட்டங்களைத் தொலைநிலையில் நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020ஆம் ஆண்டு விதிமுறைகளே தடுத்திருக்கின்றன. 2025இல் உளவியல், உணவு மற்றும் ஊட்டச்சத்து போன்ற படிப்புகளும் அந்தத் தடைக்குள் வந்துவிட்டன. எந்தப் படிப்பானாலும் அந்த ஆண்டுக்கு அனுமதி இருக்கிறதா என்று மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் பார்த்துவிட்டே பணம் கட்ட வேண்டும். இந்தப் பாடத்தைத் தொலைவில் இருந்து படிக்கலாம். அதை வைத்து நோயாளிக்கு ஊசி போடும் தகுதி வராது. இரண்டையும் குழப்பிக்கொண்டு வருஷங்களை இழந்த பெண்கள் என்னிடம் வந்து அழுதிருக்கிறார்கள்.

புத்தகத்துக்கு வருவோம். உனக்கு வந்திருக்கும் பாடநூலை முதல் பக்கத்திலிருந்து தொடங்காதே. தமிழ்நாடு அரசின் பதினோராம் வகுப்பு உயிரி விலங்கியல் புத்தகத்தை எடு. தமிழ்வழிப் புத்தகம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. செரித்தல், சுவாசம், உடல் திரவங்களும் சுற்றோட்டமும், கழிவுநீக்கம், தசையும் எலும்பும், நரம்பு, ஹார்மோன் என்று உனக்கு வேண்டிய வரிசையில் பாடங்கள் இருக்கின்றன. கதைப் புத்தகம் படிப்பதைப்போல ஒருமுறை ஓட்டமாகப் படித்துவிட்டு, அதன்பிறகு உன் பாடநூலைத் திறந்து பார். பாதி பயம் அங்கேயே போய்விடும்.

அதற்கு மேல் ஒரு புத்தகம் போதும். ஆங்கிலம் ஓரளவு வருமென்றால் ராஸ் அண்ட் வில்சன் நல்ல துணை. 1963 முதல் நர்சிங் மாணவிகளின் கையில் இருக்கிற புத்தகம் அது. காசு செலவழிக்க வேண்டாமென்றால் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகம் நடத்தும் ஓப்பன்ஸ்டாக்ஸ் தளத்தில் 28 அத்தியாயங்கள் கொண்ட அனாடமி பாடநூல் முழுவதும் இலவசம். உடலியங்கியலில் ஏதாவது ஓர் இடம் புரியவில்லை என்றால் நூலகத்தில் செம்புலிங்கமும் பிரேமா செம்புலிங்கமும் எழுதிய புத்தகத்தைக் கேட்டு வாங்கி அந்தப் பகுதியை மட்டும் படி. சௌராசியா போன்ற எம்.பி.பி.எஸ். புத்தகங்களை இப்போது வாங்காதே. அவை வேறு தேவைக்கு எழுதப்பட்டவை, உன்னை மிரட்டிவிடும்.

முதல் அலகு செல், சவ்வு, ஊடுபரவல், அயனிகள் என்று வறட்சியாகத்தான் இருக்கும். இதயம், மூளை என்று சுவையான பக்கங்களுக்குத் தாவலாமா என்று தோன்றும். தாவாதே. செல் சவ்வின் வழியாக எது போகும், எது போகாது, சோடியம் உள்ளே வந்தால் என்ன ஆகும், பொட்டாசியம் வெளியே போனால் என்ன ஆகும் என்ற இந்த ஒரு விஷயம்தான் பின்னால் நரம்பில் வரும், தசையில் வரும், இதயத் துடிப்பில் வரும், சிறுநீரகத்தில் வரும். இங்கே ஒரு வாரம் கூடுதலாக உட்கார்ந்தால் பின்னால் நான்கு அலகுகள் எளிதாகும்.

அந்த அலகிலேயே ஹோமியோஸ்டாசிஸ் என்று ஒரு சொல் வரும். வால்டர் கேனன் என்ற அமெரிக்க உடலியங்கியலாளர் 1920களில் உருவாக்கியது. வெளியே எது மாறினாலும் உள்ளே வெப்பமும் சர்க்கரையும் உப்பும் ஒரு வரம்புக்குள் நிற்பதுதான் அது. ஒவ்வொரு உறுப்பைப் படிக்கும்போதும் மூன்று கேள்வி கேள்: எது மாறியது, அதை யார் கண்டுபிடித்தது, யார் சரி செய்தது? மே மாத வெயிலில் பஸ்சுக்கு நிற்கிறாய். ரத்தத்தின் வெப்பம் கொஞ்சம் ஏறுகிறது. மூளையில் ஹைப்போதலாமஸ் அதை அறிகிறது. தோலின் ரத்தக் குழாய்கள் விரிகின்றன, வியர்வைச் சுரப்பிகள் வேலை செய்கின்றன. வியர்த்து நீர் குறைகிறது, ரத்தம் செறிவாகிறது, தாகம் எடுக்கிறது, கூடவே ஏ.டி.எச். ஹார்மோன் சிறுநீரகத்திடம் தண்ணீரைப் பிடித்து வைக்கச் சொல்கிறது. அன்று மாலை சிறுநீர் அடர் மஞ்சளாகப் போவது அதனால்தான். பஸ் நிறுத்தத்தில் நின்ற நேரத்திலேயே மூன்று அலகுகள் உனக்குப் புரிந்துபோயின.

தொட்டுப் படி

எலும்புகள் 206 என்பதை எல்லோரும் சொல்வார்கள். பட்டியலை உருப்போடாமல் குளித்து முடித்த கையோடு அவற்றைத் தேடிப் பிடி. தலையைக் குனிந்து பின்கழுத்தின் அடியில் விரலை வை. துருத்திக்கொண்டு நிற்பது பெரும்பாலும் ஏழாவது கழுத்து முள்ளெலும்பு. அங்கிருந்து கீழே மார்பில் 12, இடுப்பில் 5. இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றி நில். கை தாங்கி நிற்கிற எலும்பு விளிம்பின் உயரத்தில் முதுகுக்குக் கோடு இழுத்தால் அது நான்காவது இடுப்பு முள்ளெலும்புக்குப் பக்கத்தில் போகும். முதுகுத்தண்டில் ஊசி போடும் இடத்தை மருத்துவர்கள் இப்படித்தான் கணிக்கிறார்கள்.

தொண்டைக் குழியிலிருந்து மார்பெலும்பின் மேல் விரலை மெல்ல இறக்கு. சில சென்டிமீட்டர் தாண்டியதும் ஒரு மேடு தட்டுப்படும். அதன் இருபுறமும் இருப்பது இரண்டாவது விலா. விலாக்களை எண்ணுவதற்கு அந்த மேடுதான் தொடக்கம். அங்கிருந்து எண்ணிக்கொண்டே போய் இடப்பக்கம் ஐந்தாவது விலா இடைவெளிக்கு வா. காறை எலும்பின் நடுவிலிருந்து நேர் கீழே ஒரு கோடு இழுத்தால் அது வந்து சேரும் இடம். இடப்பக்கம் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தால் இதயத்தின் நுனி விரலில் வந்து இடிப்பதை உணரலாம்.

முன்கையைப் பார். கட்டைவிரல் பக்கம் ரேடியஸ், சுண்டுவிரல் பக்கம் அல்னா. உள்ளங்கையை மேலே பார்க்க வைத்து, பிறகு கீழே திருப்பு. திரும்பும்போது இன்னொரு கையால் இரண்டு எலும்புகளையும் பிடித்துக்கொள். அல்னா கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே நிற்க, ரேடியஸ் அதன்மேல் குறுக்கே உருளுவது தெரியும். இந்த அசைவைப் புத்தகத்தில் எத்தனை முறை படித்தாலும் குழப்பும். கையால் ஒருமுறை பிடித்துப் பார்த்தவளுக்குக் குழப்பமே வராது. கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து மணிக்கட்டை லேசாக மடக்கினால் நடுவில் ஒரு நாண் எழும்பும். பால்மாரிஸ் லாங்கஸ் என்ற தசையின் நாண் அது. உனக்கு எழும்பவில்லை என்றால் கவலைப்படாதே. சிலருக்குப் பிறவியிலேயே அந்தத் தசை இருக்காது, அதனால் ஒரு குறையும் இல்லை.

ஆசனம் செய்கிறவளுக்கு இந்தப் பாடம் வரப்பிரசாதம். தரையில் உட்கார்ந்து உள்ளங்கைகளைப் புட்டத்துக்கு அடியில் வைத்தால் இரண்டு கூர்மையான எலும்பு முனைகள் அழுத்தும். தொடையின் பின்பக்கத்து ஹாம்ஸ்ட்ரிங் தசைகள் அங்கேதான் தொடங்குகின்றன. முழங்காலைத் தாண்டிக் கீழே போய்ப் பிடித்துக்கொள்கின்றன. பச்சிமோத்தானாசனத்தில் முழங்கால் மடங்கத் துடிப்பது ஏன் என்று இப்போது உனக்கே புரியும்: தசை இரண்டு மூட்டுகளைத் தாண்டிப் போகிறது, இரண்டு முனைகளிலும் ஒரே நேரத்தில் இழுபடுகிறது. உனக்குத் தெரிந்த ஒவ்வோர் ஆசனத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, எந்த மூட்டு எப்படி மடங்குகிறது, எது சுருங்குகிறது, எது நீள்கிறது என்று எழுது. தசை மண்டலத்துக்கு இதைவிட நல்ல நோட்டு இருக்க முடியாது.

நாடியையும் விடாதே. மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் இரண்டு விரல்களை வைத்து ஒரு நிமிடம் எண்ணு. கட்டைவிரலால் பார்க்கக் கூடாது. அதன் சொந்தத் துடிப்பே உன்னைக் குழப்பும். மாடி ஏறி இறங்கி மறுபடி எண்ணு. பிறகு அமைதியாக உட்கார்ந்து மூச்சை நீளமாக இழுத்து, நீளமாக விட்டுக்கொண்டே நாடியைக் கவனி. இழுக்கும்போது துடிப்பு சற்று விரையும், விடும்போது தணியும். மூச்சை விடும்போது வேகஸ் நரம்பின் பிடி இதயத்தின் மேல் கூடுவதால் வருவது அது. ஆரோக்கியமான உடம்பில், குறிப்பாக இளம் வயதில், இது நன்றாகத் தெரியும். நீண்ட ரேசகம் ஏன் மனதை அமைதிப்படுத்துகிறது என்று உன் வகுப்பில் யாராவது கேட்டால் இங்கிருந்து பதிலைத் தொடங்கலாம்.

கழுத்து நாடியை ஒரு பக்கம் மட்டும், மெதுவாகத் தொடு. இரண்டு பக்கமும் சேர்த்து அழுத்தக் கூடாது.

வரைந்து படி

இதயத்தைத் தினமும் காலையில் புத்தகம் பார்க்காமல் வரை. அழகு வேண்டாம், நான்கு கட்டங்கள் போதும். மேற்பெருஞ்சிரை, கீழ்ப்பெருஞ்சிரை, வலது ஆரிக்கிள், மூவிதழ் வால்வு, வலது வெண்ட்ரிக்கிள், நுரையீரல் தமனி, நுரையீரல், நான்கு நுரையீரல் சிரைகள், இடது ஆரிக்கிள், ஈரிதழ் வால்வு, இடது வெண்ட்ரிக்கிள், பெருந்தமனி. அம்புக்குறி போட்டுக்கொண்டே வாயால் சொல். தாளின் இடப்பக்கம் உடம்பின் வலப்பக்கம் என்பதை ஒவ்வொரு நாளும் மேலே எழுது, கை பழகும்வரை. மாணவிகள் வழக்கமாகச் சறுக்கும் இடம் நுரையீரல் தமனி. தமனி என்றால் சுத்த ரத்தம் என்று பள்ளியில் பதிந்துவிட்டதால் வருகிற குழப்பம். இதயத்திலிருந்து வெளியே போவது தமனி, இதயத்துக்கு வருவது சிரை. இந்த வரையறையைப் பிடித்துக்கொண்டால் சிக்கல் இல்லை.

படங்கள் வேண்டுமென்றால் கிரேஸ் அனாடமியின் 1918ஆம் ஆண்டு அமெரிக்கப் பதிப்புப் படங்கள் உரிமைக் காலம் முடிந்து இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. 1858இல் வந்த முதல் பதிப்புக்குப் படம் வரைந்த ஹென்றி வான்டைக் கார்ட்டர் பிறகு பம்பாய் வந்து கிரான்ட் மருத்துவக் கல்லூரியில் அனாடமி கற்பித்தவர். அந்த இலவசப் படங்களை அச்செடுத்து, பெயர்களின் மேல் தாளை ஒட்டி மறைத்துவிட்டு நீயே பெயர் எழுதிப் பார்.

வீட்டில் அசைவம் உண்டென்றால் கறிக்கடை உனக்கு ஆய்வுக்கூடம். ஆட்டின் இதயத்தை வெட்டாமல் முழுசாகக் கேட்டு வாங்கு. நெடுக்காகப் பிளந்தால் இடது வெண்ட்ரிக்கிளின் சுவர் வலதைவிட எவ்வளவு தடிமன் என்று விரலால் பிடித்தே தெரிந்துகொள்ளலாம். வால்வைப் பிடித்து நிற்கிற வெள்ளை நூல்களைப் பார்க்காமல் விடாதே. சுவரொட்டி என்று வாங்கிச் சமைக்கிறோமே, அது மண்ணீரல். நல்லி எலும்பில் மஜ்ஜை இருக்கும் குழாயும், முனையில் பஞ்சுபோன்ற எலும்பும் தெரியும். கோழிக்காலின் வெட்டிய முனையில் வெள்ளை நாணைப் பிடித்து இழு, விரல்கள் மடங்கும். தசை மேலே, அசைவு கீழே என்பது விளங்கிவிடும். சிறுநீரகத்தைப் பிளந்தால் வெளிப்பட்டையும் உள்பகுதியும் நிறத்திலேயே பிரிந்து தெரியும். ஒன்று மட்டும் நினைவில் வை: மனிதச் சிறுநீரகத்தில் பிரமிடுகள் பல தனித்தனியாக இருக்கும், ஆட்டில் அவை ஒன்றாகச் சேர்ந்திருக்கும். தேர்வில் மனிதனுடையதை வரை. கத்தியையும் பலகையையும் சோப்பு போட்டுக் கழுவு. சைவ வீடென்றால் இதே அறுவைகளுக்கு நல்ல காணொளிகள் கிடைக்கின்றன.

சிறுநீரகம் வந்துவிட்டதால் அதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் பயப்படுகிற பாடம் அது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய பத்து லட்சம் நெஃப்ரான்கள். ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் வடிகட்டப்படுகிறது. வெளியேறுவது ஒன்றரை லிட்டர் அளவுதான். அலமாரியைச் சுத்தம் செய்யும்போது உள்ளே இருப்பதை மொத்தமாக வெளியே எடுத்துப் போட்டு, வேண்டியதை மட்டும் திரும்ப அடுக்கி, மிச்சத்தைக் குப்பைக்கு அனுப்புகிறோமே, நெஃப்ரான் செய்வது அதையேதான். இதை மனதில் வைத்துக்கொண்டு குளோமரூலஸில் தொடங்கி ஒவ்வொரு வளைவிலும் எது திரும்ப எடுக்கப்படுகிறது என்று கேட்டுக்கொண்டே போ. பெயர்கள் தானாக ஒட்டும்.

மூச்சுப் பாடத்தை மட்டும் கணக்குப் போட்டுப் படி

யோகா படிக்கிறவள் தேர்விலும் வாழ்க்கையிலும் தவறக் கூடாத பாடம் சுவாசம். சாதாரணமாக ஒரு மூச்சில் உள்ளே போவது 500 மி.லி. அதில் 150 மி.லி. மூக்கிலும் மூச்சுக்குழாயிலும் நின்றுவிடும். காற்று நுண்ணறைக்குச் சென்று வேலைக்கு உதவுவது 350. நிமிடத்துக்கு 12 மூச்சு என்றால் 4,200 மி.லி. இப்போது மேலோட்டமாக 250 மி.லி. வீதம் 24 முறை மூச்சு விடுகிறாய் என்று வைத்துக்கொள். உள்ளே போகிற மொத்தக் காற்று இரண்டிலும் 6,000தான். ஆனால் பயன்படுவது 100 பெருக்கல் 24, அதாவது 2,400. மெதுவான ஆழ்ந்த மூச்சு ஏன் சிறந்தது என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும். நோட்டில் நீயே போட்டுப் பார்.

இன்னொன்றையும் நேர்மையாகப் படி. பிராணாயாமத்தால் ரத்தத்தில் ஆக்ஸிஜன் அள்ளிக்கொண்டு சேரும் என்று சொல்வார்கள். ஆரோக்கியமானவரின் ஹீமோகுளோபின் ஏற்கெனவே 95 சதவீதத்துக்கு மேல் நிறைந்திருக்கிறது. அதற்கு மேல் ஏற இடம் அதிகம் இல்லை. வேகவேகமாக மூச்சுவிட்டால் குறைவது கார்பன் டை ஆக்சைடு. அது குறைந்தால் மூளையின் ரத்தக் குழாய்கள் சுருங்கும், தலை சுற்றும். நாளை உன்னிடம் கபாலபாதி கற்க வருகிறவர் தலை சுற்றுகிறது என்றால் உடனே நிறுத்தி உட்கார வைக்க உனக்குத் தெரிய வேண்டும். அதேபோல, சர்வாங்காசனம் தைராய்டைத் தூண்டும் என்று எங்கே படித்திருந்தாலும், இந்தத் தாளில் தைராய்டை இயக்குவது பிட்யூட்டரியிலிருந்து வரும் டி.எஸ்.எச். என்றே எழுது. யோகத்தின் மேல் எனக்கு மதிப்பு உண்டு. அந்த மதிப்பினால்தான் சொல்கிறேன்.

மறக்காமல் இருக்க

திரும்பத் திரும்பப் படிப்பதும், மஞ்சள் மார்க்கரால் கோடு போடுவதும் படித்துவிட்ட நிறைவைத் தரும், நினைவைத் தராது. ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006இல் சோதித்துப் பார்த்தார்கள். மறுபடி படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது நன்றாகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, புத்தகத்தை மூடிவிட்டுத் தாங்களே நினைவுகூர்ந்து எழுதிப் பார்த்தவர்கள்தான் முந்தினார்கள். ஆகவே சமையலுக்குக் குக்கர் வைத்துவிட்டு நிற்கும் நேரத்தில் பன்னிரண்டு மூளை நரம்புகளை வரிசையாகச் சொல்லிப் பார். தடுக்கிய இடத்தை மட்டும் புத்தகத்தில் பார். மறுநாள் ஒருமுறை, மூன்று நாள் கழித்து ஒருமுறை, வாரம் கழித்து ஒருமுறை. நோட்டில் தமிழ்ப் பெயரும் ஆங்கிலப் பெயரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும்; மருத்துவச் சீட்டில் வருவது ஆங்கிலம்.

வீட்டில் இருப்பவர்களும் உனக்குப் பாடம்தான். அம்மாவின் பி.பி. மாத்திரை அம்லோடிபின். ரத்தக் குழாய்ச் சுவரின் தசைக்குள் கால்சியம் நுழைவதைக் குறைத்து, குழாயைத் தளர்த்துகிறது. அப்பாவின் மெட்ஃபார்மின் கல்லீரல் சர்க்கரையை வெளியே விடுவதைக் குறைக்கிறது. இப்படிப் படித்தால் மறக்காது. ஆனால் மாத்திரையை மாற்றவோ நிறுத்தவோ நீ சொல்லக் கூடாது. அது மருத்துவரின் வேலை.

இனப்பெருக்க மண்டலத்தின் படங்களை ஹாலில் விரித்து வைத்துப் படிக்கக் கூச்சமாக இருக்கிறது என்று பல பெண்கள் அந்த அலகையே தள்ளிவிடுகிறார்கள். செய்யாதே. கூட்டுக் குடும்பத்தில் இருந்தாலும் தைரியமாகப் படி; நம் உடம்பைப் பற்றி நாம் தெரிந்துகொள்வதில் மறைக்க ஒன்றும் இல்லை. உன் மாதவிலக்கு நாட்களைக் காலண்டரில் குறித்து வைத்து அதை வைத்தே எஃப்.எஸ்.எச்., எல்.எச்., ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று வரைபடம் போடு. கருமுட்டை வெளியாவது எல்லோருக்கும் பதினான்காம் நாள் அல்ல. அடுத்த மாதவிலக்குக்கு ஏறக்குறைய 14 நாள் முன்பு. 28 நாள் சுழற்சிக்குத்தான் அது பதினான்காம் நாள். 35 நாள் சுழற்சி உள்ளவளுக்கு இருபத்தோராம் நாள் வாக்கில் வரும். இது தெரியாமல் குழந்தைக்காகத் தவித்த தம்பதிகளைப் பார்த்திருக்கிறேன்.

அசைன்மென்டும் தேர்வும்

அசைன்மென்டை அலட்சியம் செய்யாதே. இக்னோ போன்ற இடங்களில் பல படிப்புகளுக்கு 30 சதவீத மதிப்பெண் அதற்குத்தான். பக்கத்து வீட்டுப் பெண்ணுடையதைப் பார்த்து எழுதினால் தேர்வில் அதே கேள்வி வரும்போது கை நிற்கும். அனுப்பும் முன் கைபேசியில் எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்து வை. தபால் ரசீதையும் பத்திரப்படுத்து.

நேர்முக வகுப்பு சில நாட்கள்தான் நடக்கும். ‘எனக்கு நரம்பு மண்டலம் புரியவில்லை’ என்று அங்கே போய்ச் சொன்னால் ஆசிரியரால் உதவ முடியாது. ‘சோடியம் உள்ளே வந்தபிறகு நரம்புச் செல் எப்படிப் பழைய நிலைக்குத் திரும்புகிறது’ என்று கேட்டால் ஐந்து நிமிடத்தில் விளக்கிவிடுவார். கேள்விகளை அப்படி உடைத்து எழுதிக்கொண்டு போ. அங்கே எலும்புக்கூடு இருந்தால் இடைவேளையில் டீக்குப் போகாமல் அதன் பக்கத்தில் நில். தொடை எலும்பைக் கையில் எடு. உருண்டையான தலை உடம்பின் நடுப்பக்கம் பார்க்க வேண்டும், கீழ்முனையின் ஆழமான பள்ளம் பின்னால் வர வேண்டும். அப்படிப் பிடித்தால் அது வலதா இடதா என்று நீயே சொல்லிவிடலாம். காறை எலும்பையும் தோள்பட்டை எலும்பையும் அதேபோல் எடுத்துப் பார்.

தேர்வில் பத்து மதிப்பெண் கேள்விக்குப் படத்தை முதலில் போடு. பென்சில், பெயர்கள் எல்லாம் வலப்பக்கம் ஒரே வரிசையில், கோடுகள் ஸ்கேலால், ஒன்றையொன்று வெட்டாமல். நூற்றுக்கணக்கில் தாள் திருத்துகிறவருக்கு அந்தப் படமே பாதி பதில். எண் எழுதினால் அலகையும் எழுது: நிமிடத்துக்கு 72, ஒரு துடிப்புக்கு 70 மி.லி., ஆகவே நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர். பழைய வினாத்தாள்கள் நான்கைந்து எடுத்து, கடிகாரம் வைத்து, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து மூன்று மணி நேரம் எழுதிப் பார். வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே படிக்கிறவளுக்குப் பாடம் தெரிந்தும் எழுதும் வேகம் போய்விட்டிருக்கும். அதை மட்டும் தேர்வுக்கு ஒரு மாதம் முன்பிருந்தே ஞாயிற்றுக்கிழமைகளில் பழகிக்கொள். எழுதியதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு, திருத்தித் தருகிறேன்.